ஒலித்ததாகக் கொள்ளப்படும்

என் கணவரின் இசைத்தொகுப்பைப் பற்றி முதலில் கருத்துச் சொன்னவர் அதைக் கேட்கவில்லை. இரண்டாவதாகச் சொன்னவர் கேட்டார், ஆனால் அப்போது மக்ரூன் தின்றுகொண்டிருந்தார். மீதி ஒன்பது பேரும் இந்த இருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஹென்றி துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் எஞ்சின் டிரைவராக இருந்தார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து தளத்தில் சேர்க்கிற சின்னக் கப்பல் அது. வேலை நேரம் போக பேஸ் கிட்டார் வாசிப்பார். பார்க்கச் சாதாரண கிட்டார் மாதிரி இருக்கும். கம்பி நான்குதான், ஆனால் தடிமன். சத்தம் அடியிலிருந்து வரும். எல்லாப் பாட்டிலும் அது இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஹென்றி அதை முன்னால் நிறுத்தி, கீபோர்டும் டிரம்ஸும் சாக்ஸபோனும் அதன் பின்னால் வருகிற மாதிரி ஏழு உருப்படிகள் செய்தார். இந்த மாதிரி இசைக்கு ஜாஸ் ஃபங்க் என்று பெயர் என்பார். நாலு வருஷம் ஆயிற்று. முடித்த அன்று பென் டிரைவை என் கையில் கொடுத்தார்.

"செல்போன்ல கேட்டுராத, சுதா. பேரவைப் பெட்டியில போட்டுக் காட்டுதேன். மொதத் தடவ அங்கன வச்சுத்தான் நீ கேக்கணும்."

சரி என்றேன். அதற்கு ஒன்பதாம் நாள், வேலை முடிந்து வந்து பைக்கை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஏழு உருப்படிகளையும் பேரவைப் பெட்டியில் ஒருமுறை கேட்க வேண்டும். மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம்.

பேரவை என்பது முத்துக்குளித்துறை இசை ரசிகர் பேரவை. சொந்த அரங்கம் உண்டு, நானூறு நாற்காலி உண்டு. அங்கே ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றை ஹென்றியே பலகை அறுத்து, உள்ளே பஞ்சு வைத்து, செய்து கொடுத்தார். பத்தொன்பது வருஷம் பேரவையின் மைக்கையும் பெட்டியையும் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டார். அதனால் சாவியைக் கேட்டு வாங்கி, கேட்டு முடித்து, பூட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அப்படித்தான் நினைக்கத் தெரியும்.

செயலாளர் எபனேசர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜையில் மூன்று ரப்பர் முத்திரைகளை வைத்திருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பேரவை அரங்கத்துல ஒரு படைப்பு ஒலிக்கணும்னா கேட்டுணர்வுச் சான்று வேணும் டீச்சர். விதி பதினாலு."

"அது எப்படிக் கிடைக்கும்?"

"தேர்ந்த செவியர் பதினோரு பேர் கேட்டு, எழுத்துல கருத்துத் தரணும்."

"அவங்க அந்தப் பெட்டியிலதான கேப்பாங்க?"

"பெட்டியா? சான்று இல்லாம பெட்டியத் தொடக் கூடாதே. விதி பதினஞ்சு."

"அப்ப எதுல கேப்பாங்க?"

"காதுலதான்" என்றார்.

விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். பாடகர் பெயர், பாடலாசிரியர் பெயர், ராகம், பாடலின் பொருள் என்று கட்டங்கள். பொருளுக்கு எதிரே பக்தி, தேசபக்தி, இயற்கை, இதர என்று நாலு இருந்தது. இதர என்பதில் டிக் போட்டேன். எபனேசர் பேனாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"இதரவுல இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல. அத ஒரு இதுக்காக வச்சிருக்கோம். இயற்கைன்னு போடுங்க. கடல் எங்கயாச்சும் வருதா?"

"பாட்டே இல்ல சார். வாத்தியம் மட்டும்தான்."

"பாடகர் இல்லன்னா யாரப் பாராட்டுறது?"

"பேஸ் வாசிக்கிறவரப் பாராட்டலாம். ஹென்றிய."

"எந்த ஹென்றி?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நம்ம மைக் ஹென்றியா? அவருக்கு வாசிக்கவும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பத்தொம்போது வருஷமாச் சொல்லவே இல்லையே."

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றேன்.

அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு முதல் முத்திரையைக் குத்தினார்.

கேட்புக் கூட்டம் ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. தேர்ந்த செவியர் பதினோரு பேரும் காது மருத்துவரிடம் வாங்கிய சான்றிதழைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சான்றிதழில், இன்னாருக்கு இரண்டு காதுகளும் உரிய இடத்தில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. எழுந்து நின்று வலது கையால் வலது காதைப் பிடித்து உறுதிமொழி எடுத்தார்கள். விருப்பு வெறுப்பின்றிக் கேட்பேன், கேட்டதை மிகைப்படுத்தேன், சக செவியர் சொல்வதற்கு முரணாகச் சொல்லேன். பிறகு தேநீரும் மக்ரூனும் வந்தன.

பேரவைக் காவலாளி பிச்சையாதான் இப்போது மைக்கையும் பார்க்கிறார். ஹென்றியிடம் கற்றுக்கொண்டவர். அவர் உருப்படிகளை ஏற்றி வைத்திருந்த தன் செல்போனை எடுத்து, அது சத்தமாகக் கேட்கட்டும் என்று ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, மேஜை நடுவில் வைத்தார். எனக்குக் கூட்டத்தில் இருக்க அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன். வராந்தாவின் கடைசியில் போய் நின்றேன்.

அப்படியும் கொஞ்சம் கேட்டது. கரண்டியால் தட்டைத் தட்டுகிற மாதிரி டிரம்ஸ். பக்கத்துத் தெருவில் யாரோ அழுகிற மாதிரி சாக்ஸபோன். அவ்வளவுதான். டம்ளருக்குள் நிற்கிற செல்போனுக்கு அடிச்சத்தத்தை வெளியே விட வாய் கிடையாது. ஏழு உருப்படிகளிலும் ஹென்றி இல்லை. அதனால் நான் வாக்கு மீறவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பதிவுத்தபாலில் முடிவு வந்தது.

'படைப்பின் முதன்மைக் கலைஞராகக் குறிப்பிடப்பட்டுள்ள திரு. ஹென்றி, கேட்பு நேரம் முழுவதும் ஆஜராகவில்லை. பக்க வாத்தியக்காரர்கள் நாற்பத்து மூன்று நிமிடமும் அவருக்காகக் காத்திருந்தது செவியர்களுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. அவர்களின் பொறுமையைப் பேரவை பாராட்டுகிறது. திரு. ஹென்றி முப்பது நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் படைப்பு தள்ளுபடி செய்யப்படும்.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு பேரவைக்குப் போனேன்.

"சார், அவர் இறந்துட்டார். நீங்க அடக்கத்துக்கு வந்தீங்க. மாலை போட்டீங்க."

"அது தனிப்பட்ட முறையில வந்தது" என்றார் எபனேசர். "அலுவலக முறையில எனக்குத் தெரியாதுல்லா? இறப்புச் சான்றிதழ் நகல் ரெண்டு வைங்க. கலைஞர் வராமைக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அங்கன எழுதிருவோம்."

"வராமைக்கு அது காரணம் இல்ல சார். அவர் அதுல வாசிச்சிருக்கார். செல்போன்ல கேக்காது, அவ்வளவுதான். பெட்டியில போட்டா கேக்கும்."

"அப்ப நீங்க தலைவரத்தான் பாக்கணும்."

தலைவர் சிவசுப்பிரமணியனுக்கு உப்பளங்கள் இருந்தன. பேரவை அறைக்கு வந்தால் மட்டும் மேடைத் தமிழில் பேசுவார். எதிரே ஓர் ஆள் இருந்தாலும் நானூறு பேரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"அம்மா, இந்தப் பேரவை அறுபத்து மூன்று ஆண்டுகளாக இசையைக் காத்து வருகிறது. யாரிடமிருந்து என்று கேட்பீர்கள். இசைப்பவர்களிடமிருந்துதான். அவர்கள் பாட்டுக்கு இசைத்துக்கொண்டே போனால் கருத்தின் கதி என்ன? ஒரு பாட்டு நாலு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றி ஒரு கருத்தை உருவாக்க எங்களுக்கு நாலு மாதம் ஆகிறது. எதில் உழைப்பு அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்."

"நீங்க ஒரு தடவ பெட்டியில கேட்டுப் பாத்தா தெரிஞ்சிரும் ஐயா."

"நான் இசை கேட்பதில்லை அம்மா. கேட்டால் பாரபட்சம் வந்துவிடும். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் ஒரு பாட்டுக்கூட என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்கூட கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் போகும்."

ஆனால் அவர் இரக்கமில்லாதவர் அல்ல. என் முறையீட்டை விசாரிக்க ஆழ்ஒலி உபகுழு ஒன்றை அமைத்தார். ஆழத்தில் ஒலி கேட்குமா, கேட்காதா என்பதை நிபுணர் ஒருவரைக் கொண்டு அது தீர்மானிக்க வேண்டும். இந்தக் கரையில் ஆழம் தெரிந்த நிபுணர் என்றால் வேறு யார்? திரேஸ்புரத்திலிருந்து சங்குகுளிக்கிற ஜேசுபாதத்தைக் கூட்டிவந்தார்கள். மனுஷன் காலையில் கடலுக்குப் போய் வந்த ஈரத்தோடு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முறையீட்டாளர் என்ற பெயரில் என்னையும் உள்ளே விட்டார்கள்.

உபகுழுவுக்குத் தலைமை ஞானதீபம் அம்மாள். கல்லூரிப் பேராசிரியையாக இருந்தவர். பேரவையில் மேல்நாட்டு இசைப் பிரிவின் அமைப்பாளர். அந்தப் பிரிவில் கடைசியாகச் சான்று பெற்ற படைப்பு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய ஓர் ஆர்மோனியக் கச்சேரி.

"மிஸ்டர் ஜேசுபாதம், நீங்கள் எவ்வளவு ஆழம் வரை போவீர்கள்?" என்று கேட்டார்.

"பத்துப் பாகம் போவேன் தாயி, அறுவது அடி. இப்ப வயசாயிட்டு. எட்டோட ஏறிருதேன்."

"அந்த ஆழத்தில் ஒலி கேட்குமா?"

"காது அடச்சிக்கிடும்லா. ஒண்ணும் கேக்காது."

எபனேசர் வேகமாக எழுதினார். ஜேசுபாதம் தொடர்ந்தார்.

"ஆனா தாயி, மேல வள்ளம் எஞ்சின் போட்டு வந்துட்டுன்னா நெஞ்சுல தெரியும். இன்னாரு வள்ளம்னே சொல்லிரலாம். துறைமுகத்து இழுவக் கப்பல் வாரதும் அப்படித்தான், எலும்புல வந்து..."

"நெஞ்சு இந்தக் குழுவின் வரம்பில் வராது" என்றார் ஞானதீபம் அம்மாள். "காதைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்."

"காதுக்கு அங்கன வேலையே இல்லியே தாயி."

அதையும் எழுதிக்கொண்டார்கள். 'ஆழத்தில் எதுவும் கேட்காது என்பதும், அங்கே காதுக்கு வேலை இல்லை என்பதும் நிபுணர் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. எனவே முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.' ஜேசுபாதத்துக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வெளியே வந்ததும் அதை அவர் என்னிடம் நீட்டினார். "இத வச்சி நான் என்ன செய்யட்டும்? நீங்க எதுக்கும் வச்சிக்கிடுங்க. உங்களுக்கு ஒண்ணுமே தரலியே" என்றார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பேரவையின் விதி முப்பத்தொன்றுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு பிரிவில் இருபத்துமூன்று ஆண்டுகளாகப் படைப்பு எதுவும் சான்று பெறவில்லை என்றால், அந்தப் பிரிவு தானாகக் கலையும். அமைப்பாளர் பதவியும், மேடையில் முன்வரிசை நாற்காலியும் அதோடு போகும். மேல்நாட்டு இசைப் பிரிவு கலைய இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று யாரோ கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாளே ஞானதீபம் அம்மாள் வீடு தேடி வந்தார். நாற்காலியில் உட்காராமலேயே பேசினார்.

"ஜெபசுதா, உங்கள் கணவரின் படைப்பில் ஒரு ஆழம் இருப்பதாக எனக்கு முதலிலேயே பட்டது."

"எந்த உருப்படியில அம்மா?"

"பொதுவாக" என்றார்.

பத்தே நாளில் பதினோரு கருத்துகளும் வந்து சேர்ந்தன. பேரவையில் முன்பே அங்கீகரித்து அச்சடித்து வைத்த கருத்துகள் ஒன்பதுதான் உண்டு. எல்லாம் வாய்ப்பாட்டுக்காக எழுதப்பட்டவை. ஒரு கருத்தை ஒருவர் எடுத்துவிட்டால் இன்னொருவர் எடுக்கக் கூடாது. 'மனதை உருக்கியது' என்பதற்கு மூன்று பேர் போட்டியிட்டதால் சீட்டுக் குலுக்கினார்கள். தோற்ற இருவருக்காகப் புதிதாக இரண்டு கருத்துகள் உருவாக்கினார்கள். எபனேசர் சரிபார்க்கச் சொல்லிப் பிரதியை என்னிடம் நீட்டினார்.

திரு. ஹென்றியின் கணீரென்ற குரல் கேட்போரைக் கட்டிப்போடுகிறது. உச்சரிப்பு தெளிவு. பாடல் வரிகளில் தமிழ் உணர்வு பொங்குகிறது. இளம் பாடகர், நல்ல எதிர்காலம் உண்டு.

ஹென்றி அந்த ஏழு உருப்படிகளிலும் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் அதிகம் திறந்ததில்லை. சாகும்போது ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் சிவப்பு மையில் தப்புத் திருத்திய கை எனக்கு. அன்றைக்கு அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றேன். எனக்குப் பெட்டி வேண்டும்.

கேட்டுணர்வு விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பிச்சையா ஒட்டடை தட்டி, பெட்டிகளை மேடைக்கு இரு பக்கமும் நிறுத்தியிருந்தார். பின்பக்கப் பலகையில் ஹென்றி பென்சிலால் போட்ட அளவுகள் அப்படியே இருந்தன. என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். பென் டிரைவ் பிச்சையாவின் சட்டைப் பையில் இருந்தது. பத்தேகாலுக்குள் கேட்கத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் தலைவர் பேசினார். பெட்டியில் அவர் தொண்டையைச் செருமியபோது இடி விழுந்த மாதிரி இருந்தது. அது அவருக்குப் பிடித்துப்போய் அடிக்கடி செருமினார். இசை என்பது என்ன என்று ஒரு மணி நேரம் சொன்னார். எபனேசர் இதுவரையிலான கடிதப் போக்குவரத்தை, கடித எண், தேதியோடு வாசித்தார். பதினோரு செவியர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து காதைப் பிடித்துக்கொண்டு தத்தம் கருத்தை வாசித்தார்கள். 'மனதை உருக்கியது' என்பதைச் சீட்டில் வென்றவர் அதை மூன்று தடவை வாசித்தார். தோற்றவர்கள் கைதட்டவில்லை. ஞானதீபம் அம்மாள், மேல்நாட்டு இசைக்குத் தன் வாழ்நாளில் நாற்பது வருஷத்தைக் கொடுத்ததாகவும், ஹென்றி போன்றவர்கள் அதன் விளைச்சல் என்றும் சொன்னார். ஹென்றி இருந்திருந்தால் அந்த நேரத்தில் மைக்கைச் சரிசெய்துகொண்டு பின்னால் நின்றிருப்பார்.

ஒன்றேகால் ஆயிற்று. பின்கொட்டகையில் இலை போட்ட சத்தமும் சாம்பார் வாசமும் வந்தன. எபனேசர் ஒரு துண்டுச்சீட்டைத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் எழுந்தார்.

"அன்பர்களே, நேரமின்மை காரணமாக ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். திரு. ஹென்றி அவர்களின் இசைத்தொகுப்பு இந்த அரங்கில் முழுமையாக ஒலித்ததாகக் கொள்ளப்படும். ஆதரிப்பவர்கள் கைதட்டலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நல்ல பலத்த கைதட்டல். ஒரு கலைஞனுக்கு அதைவிட என்ன வேண்டும்? பிறகு நாட்டுப்பண். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

நானூறு காலி நாற்காலிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பிச்சையா வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"பிச்சையா."

"என்ன டீச்சர்? சாப்பிடப் போகலியா?"

"பென் டிரைவப் போடுங்க."

"அதான் போட்டாச்சுன்னு தீர்மானம் ஆயிட்டே டீச்சர்."

"ஆமா. போட்டாச்சு. மறுபடி போடுறதுக்கு எதாச்சும் விதி இருக்கா?"

பிச்சையா யோசித்தார். பேரவையில் இருபது வருஷம் இருந்தவர், விதிகள் எல்லாம் அவருக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மறுபடி போடக் கூடாதுன்னு விதி இல்ல" என்றார். சுருட்டிய வயரைக் கீழே போட்டார். "ஒரு தடவ போட்டதையே எவனும் இங்கன மறுபடி கேட்டது இல்ல, அதனால எழுதாம விட்டுட்டானுவ."

முதலில் டிரம்ஸ் வந்தது. அடுத்து ஹென்றி வந்தார்.

தரை வழியாக, நாற்காலிக் கால் வழியாக வந்தார். மேடையில் யாரோ கழற்றிப் போட்டிருந்த மாலை ஓரமாக நகர்ந்தது. அவர் குதிக்கவில்லை, வேகம் காட்டவில்லை. இழுவைக் கப்பல் பெரிய கப்பலின் பக்கவாட்டில் தோள் கொடுத்து நிற்குமே, அப்படி மற்ற மூன்று வாத்தியங்களையும் தள்ளிக்கொண்டு போனார். டம்ளருக்குள் கரண்டிச் சத்தமாக இருந்ததெல்லாம் அவர்மேல் ஏறி நடந்தது.

மூன்றாவது உருப்படி எனக்குத் தெரிந்தது. நாலு வருஷம் பின்னறையில் அவர் தனியாக வாசித்துப் பழகியது. கொஞ்சம் வாசிப்பார், நிறுத்துவார். மறுபடி வாசிப்பார், நிறுத்துவார். மறந்துபோய் நிறுத்துகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நிறுத்தும்போதுதான் நான் சமையலறையிலிருந்து பேசுவேன். கேஸுக்குச் சொல்லியாச்சா, தண்ணி வந்துட்டா பாருங்க, வாரப்ப தேங்காய் வாங்கலியே. அவர் பதில் சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருநாள்கூடக் கோபித்ததில்லை. இப்போது அதே இடத்தில் அவர் நிறுத்தினார். சாக்ஸபோன் வந்து ஏதோ கேட்டது. அது கேட்டு முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருந்து, பிறகு பதில் சொன்னார். அந்த இடங்கள் வெறுமையாக இருந்ததே இல்லை. யாரோ பேசுவதை அவர் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு நின்ற இடங்கள் அவை. அந்த நாலு வருஷத்தில் என் தேங்காயும் தண்ணீரும் எத்தனை மாதத்தைத் தின்றிருக்கும் என்று கணக்குப் போடத் தோன்றியது. போடவில்லை.

ஐந்தாவது உருப்படியின் பாதியில் எபனேசர் ஓடிவந்தார். வலது கையில் சோறு ஒட்டியிருந்தது.

"ஏலே பிச்சையா, என்ன மோட்டார்லே ஓடுது? எலையில பாயசம் நிக்க மாட்டேங்கு. தலைவர் பூகம்பம்னு மேஜைக்கு அடியில போயிட்டாரு."

"மோட்டார் இல்ல சார்."

எபனேசர் இடது கையால் மெயினை இறக்கினார். அரங்கம் அமைதியாயிற்று. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி நின்றன.

"பின்ன என்ன சத்தம் அது?"

"ஹென்றி" என்றேன்.

என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் அந்தப் பெட்டியில் தன் குரலை மட்டுமே கேட்டவர். கொஞ்ச நேரம் கையிலிருந்த சோறு காய்வதைக்கூடக் கவனிக்கவில்லை. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தார்.

"இது விண்ணப்பத்துல இல்லியே டீச்சர்."

அவசரப் பொதுக்குழு அன்று மாலையே கூடியது. முடிவு மூன்றாம் நாள் பதிவுத்தபாலில் வந்தது.

'பதினோரு தேர்ந்த செவியர்களின் கருத்துகளுக்கு முற்றிலும் மாறாக இசை ஒலித்தமையால், வழங்கப்பட்ட சான்று திரும்பப் பெறப்படுகிறது. கருத்துகளில் பிழை ஏதும் இல்லை என்பது மறு ஆய்வில் தெரியவந்துள்ளது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும், அங்கீகரிக்கப்படாத ஒலியை வெளிப்படுத்திய காரணத்தால், இனி பேரவைப் பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல என அறிவிக்கப்படுகின்றன. அவற்றைச் செய்தவரோ, அவருடைய வாரிசோ ஏழு நாட்களுக்குள் தம் சொந்தப் பொறுப்பில் அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

ஞானதீபம் அம்மாளின் பிரிவு கலையவில்லை. சான்று திரும்பப் பெறப்பட்டாலும் அது வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று தனித் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

நான் ஏழு நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையே பிச்சையா பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நுழையவில்லை. ஹென்றி வீட்டுக்கு என்று அளவெடுத்துச் செய்யவில்லையே. பின்முற்றத்தில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி நிறுத்தினோம். பிச்சையா வயரை மாட்டிக் கொடுத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் பேரவைக்குப் புறப்பட்டார். அங்கே பெட்டி அகன்றதற்கான நன்றி அறிவிப்புக் கூட்டமாம்.

முழுவதையும் முதலிலிருந்து போட்டேன். ஐந்தாவதின் பாதி வந்தது, கடந்தது. ஆறு. ஏழு. ஏழாவதின் கடைசியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்ற பிறகும் ஹென்றி கொஞ்ச நேரம் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் முத்துச்செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் துணி அடிக்கிற சத்தம் எப்போது அவருடைய தாளத்தில் விழத் தொடங்கியது என்று நான் கவனிக்கவில்லை. இசை முடிந்ததும் அதுவும் நின்றது. சோப்பு நுரைக் கையோடு சுவருக்கு மேல் தலை தெரிந்தது.

"டீச்சர், முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு."

"எனக்கு இன்னும் நாலு சட்ட கெடக்கே."

மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.